கோழிக்கும் வேண்டும் குடியிருப்பு வசதி!

(லெம்பா பெர்த்தாமில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சங்க மேடை என்றால் சம்பளம், விடுமுறை, போனஸ் என்றுதான் பேச்சு இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாங்கள் பேச வந்திருப்பது கோழிக்கூட்டைப் பற்றி. கூடு என்றால் அதன் வெளி அலங்காரம் அல்ல. உள்ளே எதை எங்கே வைப்பது, எவ்வளவு இடம் விடுவது, காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போவது என்பதைப் பற்றி. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் சென்ற மழைக் காலத்தில் இந்த லயங்களில் எத்தனை வீட்டுக் கோழிகள் செத்தன என்று கணக்குப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

ஒரு கேள்விக்கு முதலில் பதில்

கூட்டத்திற்கு வருமுன் ஒரு தோழர் எங்களைக் கேட்டார்: "நீங்கள் பாட்டுக்குக் கோழி வளருங்கள், கீரை போடுங்கள் என்று சொல்லிக்கொண்டு போகிறீர்கள். நாளைக்கு நிர்வாகம், 'உங்களுக்குத்தான் முட்டை இருக்கிறதே, சம்பளம் எதற்கு உயர வேண்டும்' என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?"

நியாயமான கேள்வி. இதற்குச் சரித்திரமும் உண்டு. மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதாவது ஏறக்குறைய 2,700 சதுர அடி. அது தொழிலாளிக்குக் கிடைத்த உரிமை. ஆனால் 1930ஆம் ஆண்டுகளின் மந்தத்தில் கூலியை வெட்டியபோது, அந்தத் துண்டு நிலம் வெட்டிய கூலிக்கு ஈடாகவில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் நம் முன்னோர் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அது வாழ்க்கை வளம் அல்ல, வயிற்றுக் கொடுமை.

ஆகவே நாம் தெளிவாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். கோழி சம்பளத்துக்கு மாற்று அல்ல. சம்பளம் என்பது நாம் செய்த வேலைக்கு வரவேண்டிய கடன். முட்டை என்பது நம் வீட்டுப் பெண்கள் தங்கள் ஓய்வு நேரத்தைப் போட்டுச் சம்பாதித்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எவரையும் அனுமதிக்கலாகாது. அதே சமயம், 'சம்பளம் உயரும்வரை பிள்ளைக்கு முட்டை வேண்டாம்' என்றும் இருந்துவிட முடியாது.

கணக்கையும் மிகைப்படுத்தாமல் சொல்லிவிடுகிறோம். கம்போங் கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைகாக்கப் படுத்துவிடும். ஆண்டுக்கு ஒரு கோழி 60 முட்டை கொடுத்தால் நல்ல கோழி. ஏழு பெட்டையும் ஒரு சேவலும் வைத்திருக்கும் வீட்டில் நாளொன்றுக்கு ஒரு முட்டைக்குச் சற்று அதிகம். இவ்வளவுதான். இதில் யாரும் பணக்காரர் ஆகமாட்டார். ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தட்டில் தினம் ஒரு முட்டை விழும். தீபாவளிக்கு ஒரு சேவல் கடைக்காரனிடம் கடன் சொல்லாமல் வரும்.

நாங்கள் செய்த தவறு

எங்கள் சொந்தக் கதையைச் சொல்கிறோம். கேமரன் மலைக்கு வந்த புதிதில் எங்களுக்கு ஒரே பயம், குளிர். தானா ராத்தாவை விட நமது பள்ளத்தாக்கு தாழ்வானது, சற்றே வெதுவெதுப்பானது. ஆயினும் கீழ்நாட்டிலிருந்து வந்த உடம்புக்கு இங்குள்ள இரவு பொறுக்காது. நமக்கே பொறுக்கவில்லையே, கோழிக்கு எப்படிப் பொறுக்கும் என்று நினைத்தோம்.

பலகையால் ஒரு பெட்டி அடித்தோம். சந்து தெரிந்த இடமெல்லாம் சாக்கை வைத்து அடைத்தோம். அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினோம். பன்னிரண்டு கோழிகளை உள்ளே விட்டு, 'நம்மைவிட வசதியாகத் தூங்குகின்றன' என்று பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. காலையில் கதவைத் திறந்தால் உட்பக்கத் தகரத்திலிருந்து நீர் சொட்டும். வாடை மூக்கைத் துளைக்கும், கண் எரியும். ஒரு வாரத்தில் கோழிகள் தும்ம ஆரம்பித்தன. கண் வீங்கியது. மூக்கில் சளி. குளிர்தான் காரணம் என்று இன்னும் இரண்டு சாக்கைக் கொண்டுவந்து போர்த்தினோம்! மூன்று வாரத்தில் ஏழு கோழிகள் போய்விட்டன.

பக்கத்து லயத்துப் பாட்டி ஒருவர் வந்து கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "ஏன் தம்பி, கோழிக்குப் போர்வை அது உடம்புலயே இருக்குதே. நீங்க போர்த்தலப்பா, மூச்சை அடைச்சிட்டீங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கிற்று. கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. நம் உடம்பைவிட நான்கு டிகிரி அதிகம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு காலை அடியில் மடக்கி உட்கார்ந்தால் நம் மலைக் குளிர் அதை ஒன்றும் செய்யாது. அதைக் கொல்வது ஈரம். அதன் மூச்சிலிருந்து வரும் ஈரம், எச்சத்திலிருந்து வரும் ஈரம், மழைச் சாரல். இந்த ஈரத்தில் எச்சம் அழுகும்போது அமோனியா என்னும் வாயு கிளம்புகிறது. கண் எரிந்தது அதனால்தான். அந்த வாயு கோழியின் மூச்சுக்குழலைப் புண்ணாக்குகிறது. புண்ணான இடத்தில் நோய்க்கிருமி குடியேறுகிறது. நாம் அடைத்த ஒவ்வொரு சாக்கும் அந்த வாயுவை உள்ளேயே பூட்டி வைத்தது.

தோழர்களே, இந்தப் பாடம் நமக்குப் புதிதா? ஜன்னல் இல்லாத லயக் காம்பராவில், புகையும் ஈரமும் நிறைந்த இடத்தில், நம் தாத்தா பாட்டி இருமிக்கொண்டே வாழ்ந்தார்கள். வீட்டுக்குக் காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும், கால்வாய் வேண்டும் என்று கேட்டுத்தான் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச வசதிகளை வகுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரை வந்து சேர்ந்தோம். நமக்கு எது வேண்டாம் என்று போராடினோமோ, அதையே கோழிக்குக் கட்டிக் கொடுத்தோம்!

கோழியின் குணத்தை அறிந்து கட்டுக

நம் வீட்டுக் கோழியின் முன்னோர் செங்காட்டுக் கோழி. இன்றும் தீபகற்பத்தின் காட்டோரங்களில் அது திரிகிறது. பகலில் தரையைக் கீறித் தின்னும். பொழுது சாய்ந்தால் மரக்கிளையில் ஏறிவிடும். முட்டையிட மறைவான, இருட்டான புதர் தேடும். உடம்பு அரித்தால் காய்ந்த மண்ணில் புரளும். இந்த நான்கு பழக்கங்களையும் வீட்டுக் கோழி மறக்கவில்லை. கிளைக்குப் பதில் கழி, புதருக்குப் பதில் பெட்டி, தரைக்குக் காய்ந்த கூளம், புரள ஒரு மண்தொட்டி. கூட்டின் உள்ளமைப்பு முழுவதும் இந்த நான்கில் அடங்கிவிடுகிறது.

இனி அளவுக்கு வருவோம். எட்டுக் கோழிகளுக்கு ஆறடி நீளம், நான்கடி அகலம். மொத்தம் 24 சதுர அடி. கோழி ஒன்றுக்கு மூன்று சதுர அடி. பகலில் வெளியே விடுவதானால் இது தாராளம். முன்சுவர் ஆறடி உயரம், பின்சுவர் நாலரை அடி. கூரை பின்பக்கம் சாயட்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கால் நட்டுப் பலகை போடுங்கள். சேற்றுத் தரையில் நேராக வைத்த கூடு என்றைக்கும் காயாது.

*அடையும் கழி:* பின்சுவர் ஓரமாக, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, உள்தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் ஆறடிக் கழி ஒன்று. கோழிக்கு ஒன்பது அங்குலம் என்றால் எட்டுக் கோழிக்கு ஆறடி சரியாக வந்துவிடும். மெல்லிய மூங்கிலோ இரும்புக் குழாயோ வேண்டாம். இரண்டு அங்குல அகலமுள்ள மரச் சட்டத்தின் மேல் விளிம்பை இழைத்து உருட்டிப் போடுங்கள். அகலமான கழியில் உட்கார்ந்தால் கோழியின் வயிற்று இறகு கால்விரலை மூடிக்கொள்ளும். குளிருக்கு அதைவிட நல்ல காலுறை கிடையாது.

*எச்சப் பலகை:* கழிக்கு அரை அடி கீழே, இரண்டடி அகலத்தில் ஒரு பலகை. ஒரு நாள் எச்சத்தில் ஏறக்குறைய பாதி இரவில் கழியின் கீழேதான் விழுகிறது. அதன்மேல் சாம்பல் தூவி, காலையில் ஒரு சுரண்டியால் வழித்து வாளியில் போட்டுவிட்டால், ஈரமும் வாடையும் பாதிக்குப் பாதி அன்றைக்கே கூட்டைவிட்டு வெளியேறிவிடும். பிரட்டுக்குப் போகுமுன் இரண்டு நிமிட வேலை.

*முட்டைப் பெட்டி:* பின்பக்கம் இரண்டடியைப் பலகை எடுத்துக்கொண்டது. இடப்பக்கச் சுவரில் மீதி இரண்டடி இருக்கிறது. அதில் ஓரடிக்கு ஓரடியாக இரண்டு பெட்டிகள் வையுங்கள். நாலைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி போதும். உயரம் தரையிலிருந்து ஓரடிதான். இங்கேதான் எங்கள் இரண்டாவது தவறு நடந்தது. 'எட்டி எடுக்க வசதி' என்று பெட்டியைக் கழியைவிட உயரத்தில் வைத்தோம். கூட்டில் எது மிக உயரமோ அங்கேதான் கோழி அடையும். அத்தனையும் பெட்டியிலேயே தூங்கி, எச்சமிட்டு, முட்டையெல்லாம் அழுக்காகிப் பாதி உடைந்துபோயிற்று. பெட்டி தாழ்வாக, கழி உயர்வாக, இந்த வரிசை மாறவே கூடாது. பெட்டி முன்னால் ஒரு துண்டுச் சாக்கைத் தொங்கவிட்டால் உள்ளே இருட்டாக இருக்கும்.

*தீனியும் தண்ணீரும்:* இவை கழிக்கு நேர் கீழே இருக்கலாகாது. முன்பக்க நடுவில் தீனித் தகரத்தைக் கோழியின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள். தாழ்வாக இருந்தால் கீறிச் சிந்திவிடும். சிந்திய தீனிக்கு எலி வரும், எலியோடு எலிக் காய்ச்சல் வரும். தண்ணீரைக் கதவோரம், ஒரு செங்கல்லின் மேல் வையுங்கள். அங்கே சிந்தினால் பெருக்கித் தள்ளுவது எளிது.

*மண்தொட்டி:* எச்சப் பலகையின் அடியில் இரண்டடி உயர இடம் வெறுமனே கிடக்கும். அங்கே ஒரு பழைய பெட்டியில் காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து வையுங்கள். கோழி புரண்டு தன் பேனைத் தானே தீர்த்துக்கொள்ளும்.

*காற்று:* இதுதான் மிக முக்கியம். முன்சுவரிலும் பின்சுவரிலும் கூரையை ஒட்டி ஆறு அங்குலம் திறப்பு விட்டுக் கம்பி வலை அடியுங்கள். கழியில் உட்கார்ந்த கோழியின் தலை மூன்றரை அடியில் நிற்கும். பின்சுவரின் திறப்போ நாலடிக்கு மேல் இருக்கிறது. ஆகவே காற்று கோழியின் தலைக்கு மேலே போகும், உடம்பில் அடிக்காது. ஈர மூச்சும் வாயுவும் மேலே எழும்பி வெளியேறும். முன்சுவரில் கீழே இரண்டடி பலகை, அதன்மேல் வலை. கடுங்குளிர் இரவில் முன்வலைக்குச் சாக்குத் திரை போடுங்கள், தடையில்லை. ஆனால் அந்த மேல் ஆறு அங்குலத்தை எந்த மழையிலும் எந்தக் குளிரிலும் அடைக்காதீர்கள். சாரல் வராதிருக்கக் கூரையை ஒன்றரை அடி வெளியே நீட்டுங்கள்.

காலையில் கூட்டுக்குள் உங்கள் தலையை விட்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது. இதைவிட நல்ல கருவி வேண்டியதில்லை.

*கூளம்:* தரையில் நான்கு அங்குலம் மரச்சீவலோ, உமியோ, நறுக்கிக் காயவைத்த லாலாங் புல்லோ பரப்புங்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநில ஆராய்ச்சி நிலையத்தார் 1940ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து, கூளத்தை அடிக்கடி மாற்றாமல் கிளறிவிட்டு மேலே மேலே சேர்த்துவருவது கோழிக்கு நல்லது என்று கண்டார்கள். ஆனால் அது காய்ந்திருந்தால்தான். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்கும் கூளம் ஈரக் கூளம். அதில் இரத்தக் கழிச்சல் வரும். உடனே வாரிவிடுங்கள்.

கம்பியும் களவாணியும்

எங்கள் மூன்றாவது தவறையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிக் கம்பியை அடித்தோம். அந்தக் கம்பி கோழி வெளியே போகாமல் தடுக்கும், மூசாங் உள்ளே வராமல் தடுக்காது. ஓரிரவில் பிய்த்துக்கொண்டு புகுந்து இரண்டு பெட்டைகளைக் கடித்துப் போட்டது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கனத்த வலைதான் வேண்டும். மலைப்பாம்புக் குட்டிக்கும் எலிக்கும் அதுவே தடை. கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, ஒரு தாழ்ப்பாளும் போடுங்கள்.

எங்கே வைப்பது?

காலை வெயில் படும் இடம், காற்றுக்கு முதுகு காட்டும் இடம், மேட்டுப் பாங்கான இடம். கால்வாயோரமும் ஆற்றோரமும் வேண்டவே வேண்டாம். 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவில், சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்த நீர் பெர்த்தாம் ஆற்றில் சேறாகப் பெருகி இந்தப் பள்ளத்தாக்கில் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனதை இங்கிருப்பவர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆற்றோரத்தில் கூடு கட்டினால், வெள்ளம் வரும் இரவில் கோழியைக் காப்பாற்ற ஒரு பிள்ளை ஓடும். அந்த ஓட்டம் வேண்டாம்.

வீட்டுச் சுவரை ஒட்டியும் கட்டாதீர்கள். அண்டை வீட்டார் ஜன்னலுக்கு நேரேயும் வேண்டாம். நிலம் தோட்டத்துடையது. ஆகவே முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லி அனுமதி பெறுங்கள். நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து கேட்டால் கிளைச் செயலாளரும் கூட வருவார். வழித்தெடுத்த எச்சத்தைப் பச்சையாகக் காய்கறிப் பாத்தியில் கொட்டாதீர்கள். பச்சைக் கோழி எருவினால் இந்த மலையில் ஈ படுத்தும் பாடு உங்களுக்குத் தெரியும். குழியில் இலைதழையோடு மூடி மக்க வைத்த பிறகே போடுங்கள்.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து உண்டு. கால்நடை இலாகாவில் கேட்டுப் போடுங்கள். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேருங்கள். 2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாகக் கண்டது வீட்டுக் கோழிகளில்தான். திடீரென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் அறுத்துச் சமைக்காதீர்கள், ஆற்றில் எறியாதீர்கள், மறைக்காதீர்கள். உடனே கால்நடை இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

கீழ்நாட்டுத் தோழர்களுக்கு

ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த தோழர்கள், 'எங்களுக்குக் குளிர் ஏது?' என்று கேட்கலாம். உங்களுக்கு எதிரி வெக்கை. இதே அளவு, இதே வரிசைதான். கழி உயரம், பெட்டி தாழ்வு, தண்ணீர் கதவோரம் என்பதில் மாற்றமில்லை. முன்சுவரோடு இரு பக்கச் சுவர்களிலும் பாதிக்கு மேல் வலையாக்குங்கள். தகரக் கூரையின் மேல் அத்தாப்பு ஓலை போடுங்கள். பால்மர நிழலில் வையுங்கள்.

முடிவாக

இவ்வளவையும் ஏன் ஒரு சங்க மேடையில் சொன்னோம்? எட்டுக் கோழிக்கு இடம் ஒதுக்கும்போது தலைக்கு எத்தனை அடி, காற்றுக்கு எத்தனை அங்குலம், தண்ணீர் எங்கே, அழுக்கு எப்படி வெளியேறும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோமல்லவா? இதே கேள்விகளை நம் வீட்டைப் பார்த்தும் கேட்கப் பழக வேண்டும். கோழி வாய் திறந்து கேட்காது. செத்துத்தான் காட்டும். நமக்கு வாய் இருக்கிறது, சங்கம் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்துப் பின்புறம் வாருங்கள். பழைய பலகையும் ஆணியும் கொண்டு ஒரு கூடு கட்டப் போகிறோம். சுத்தியல் உள்ளவர் சுத்தியல் கொண்டு வரட்டும். அந்தப் பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்காவது சாக்கு வைத்து அடைத்தோமானால் அவர் பார்த்துக்கொள்வார்!